பந்தயத்து மீசை

சங்கையாவுக்கு வயது ஐம்பத்தேழு, அவர் மீசைக்கு முப்பத்தாறு. இரண்டில் மரியாதை எதற்கு அதிகம் என்று கேட்டால் ஊரே மீசைக்குத்தான் கை தூக்கும். விளக்கெண்ணெய் தடவி, நீவி, முறுக்கி, இரண்டு முனையும் காதை எட்டப் பார்க்கிற மீசை. அதைப் பார்த்துத்தான் சிவகாசிப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவருக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. முதலாளி சங்கரலிங்கம் மனசில் ஒன்று வாயில் ஒன்று வைத்துப் பேசத் தெரியாதவர். வேலையில் சேர்ந்த அன்றைக்கே உடைத்துச் சொல்லிவிட்டார்.

"ய்யா சங்கையா, நல்லாக் கேட்டுக்கிடும். நான் வேலைக்கு வச்சிருக்கது உம்ம மீசைய. நீரு அதுக்குத் துணைக்கு வந்திருக்கீரு. அம்புட்டுத்தான்."

அதோடு விட்டாரா? இரண்டாயிரத்து ஏழாம் வருஷத்து சீசனுக்குக் கம்பி மத்தாப்புப் பெட்டியின் லேபிளில் சங்கையாவின் முகத்தையே அச்சடித்துவிட்டார். பெயர், 'மீசைக்காரர் மார்க்'. வடக்கேயிருந்து ஆர்டர் கொடுக்க வந்த ஏஜெண்டுகள் ஒரு கையில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மறுகையைச் சங்கையா தோளில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தீபாவளி முடிகிறவரைக்கும் அந்த மீசையில் கத்தரிக்கோல் படக்கூடாது என்பது முதலாளி உத்தரவு. பட்டால் வேலை போய்விடும்.

இப்பேர்ப்பட்ட மீசை முப்பத்தைந்து வருஷமாக அடமானத்தில் கிடக்கிறது என்பது மட்டும் முதலாளிக்குத் தெரியாது.

அந்தக் கதை எழுபத்திரண்டாம் வருஷத்துக் கதை. ஆனைக்குட்டம் பக்கத்தில் இருக்கிற அவர்கள் ஊருக்கு அப்போது மொத்தமே ஒரு ரேடியோதான். பஞ்சாயத்து ரேடியோ. அதைத் திருகுகிற உரிமை சங்கையாவுக்கு மட்டும். ரேடியோ அறைச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு அலைந்த காலம். பஞ்சாயத்து ஆபீஸ் கூரைக்கும் எதிர்த்தாற்போல் நின்ற வேப்பமரத்துக்கும் நடுவில் ஏரியல் வயர் இழுத்துக் கட்டியிருக்கும். மெட்ராஸில் பேசுகிற பேச்சு அந்த வயர் வழியாகத்தான் நடந்து வருகிறது என்பது சங்கையாவின் தீர்மானம். வயர் தொய்ந்துவிட்டால், "மெட்ராஸ்காரனுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்பார். வயரில் காக்கா உட்கார்ந்தால் பேச்சு அறுந்துவிடும் என்று, செய்தி முடிகிறவரைக்கும் கையில் கல்லோடு ஒரு ஆளை வெளியே நிறுத்தியிருப்பார். ஒருத்தரும் எதிர்த்துப் பேசியதில்லை. சாவி அவரிடமல்லவா இருந்தது!

எதிர்த்துப் பேச வந்து சேர்ந்தவர் பெத்தணன். சங்கையாவுக்கு ஒத்த வயசு, மச்சான் முறை. ஆலங்குளம் சிமெண்ட் பாக்டரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அங்கே சுண்ணாம்புக்கல் தோண்டுகிற இடத்தில், என்ஜினியர் ஒருத்தர் செங்கல் தண்டிக்கு ஒரு சாமானைக் காதில் வைத்துப் பேசுவதைப் பார்த்துவிட்டு லீவுக்கு ஊருக்கு வந்தார். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது வாயைத் திறந்தார்.

"ஒருநா பாரு சங்கையா, ஆடு மேய்க்கிறவன்கூட நடந்துக்கிட்டே போன் பேசுவான். வயரும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

கூட்டம் முழுக்க ரேடியோவை விட்டுவிட்டுப் பெத்தணனைப் பார்த்தது. சங்கையாவுக்குப் பொறுக்குமா?

"வாய்க்கா இல்லாம வயலுக்குத் தண்ணி வருமாலே? வயர் இல்லாமப் பேச்சு எதுமேல ஏறி வரும்? அப்பிடி ஒரு காலம் வந்துச்சுன்னா என் மீசையில ஒரு பக்கத்த எடுத்துக்கிடுறேன். மாரியாத்தா மேல சத்தியம்!"

"சரி. மறு பக்கம்?"

"வயர் இல்லாம, மூஞ்சியையும் பாத்துக்கிட்டே பேசுற காலம் வந்தா மறு பக்கமும் உனக்குத்தான். போ!"

அப்போது மீசை முளைத்து ஒரு வருஷம்தான். கொஞ்சமாக இருக்கிறதைப் பந்தயம் வைப்பதற்கு மனுஷன் யோசிக்க மாட்டான். அடுத்த வருஷம் பெத்தணனின் தங்கச்சி வள்ளித்தாயைச் சங்கையா கட்டிக்கொண்டார். பந்தயமும் சீதனத்தோடு சீதனமாக வீட்டுக்குள் வந்து சேர்ந்தது.

அன்றிலிருந்து உலகத்தில் எந்தப் புதுச் சாமான் வந்தாலும் பெத்தணன் முதலில் பார்ப்பது மச்சினன் மூக்குக்குக் கீழேதான். பஞ்சாயத்தில் டி.வி. வந்தது. "மூஞ்சி தெரியுது மாப்ளே, எடு" என்றார். "நீ கேட்டதுக்கு அந்தச் செய்தி வாசிக்கிற பொம்பளை பதில் சொல்லுதான்னு பாரு, எடுக்கேன்" என்றார் சங்கையா. பெத்தணனும் விடாமல், "தாயி, சாப்பிட்டீகளா?" என்று டி.வி.யைப் பார்த்துக் கேட்டார். அது மழை நிலவரம் சொல்லிற்று. இப்படியே தப்பித்துத் தப்பித்து வந்த மீசை அது.

ஆனால் செல்போன் வந்தபிறகு சங்கையாவுக்கு மீசையைப் பற்றிக் கவலை வந்துவிட்டது. காரணம், அந்தச் சாமானெல்லாம் அவர் காவலில்தான் கிடந்தது.

பட்டாசுக் கம்பெனிக்குள்ளே தீப்பெட்டி, பீடி, செல்போன் மூன்றும் போகக்கூடாது. கேட்டிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கேட்டுக்கு வெளியே தகரக் கொட்டகையில் ஒரு பலகை, பலகையில் ஆணி, ஆணிக்கு ஒரு போன். எல்லாரும் டார்ச் வைத்த ஒரே மாதிரிப் போன்தான் வாங்கியிருந்தார்கள். எது யாருடையது என்று சாயங்காலம் அடிதடி. அதனால் ஆளுக்கொரு வெடி லேபிளைப் போனின் முதுகில் ஒட்டினார்கள். சங்குசக்கரம் ஒட்டியது அய்யம்மாளுடையது. புஸ்வாணம் ஒட்டியது சொர்ணலட்சுமியுடையது. அணைத்துவிட்டுத்தான் தரவேண்டும் என்று சட்டம் இருந்தது. அணைக்கத் தெரிந்தவர்கள் பாதிப்பேர்தான். மத்தியானம் ஆனால் பலகை முழுக்க ஒரே நேரத்தில் பாட்டுப் பாடும்.

சங்கையா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அடேயப்பா, ஒரு ஊருக்கு ஒரு ரேடியோ, அதற்கு ஒரு பூட்டு, அந்தப் பூட்டுக்கு ஒரு சங்கையா. இங்கே என்னவென்றால் திரி கிள்ளுகிற பிள்ளை, வெடிமருந்து அடைக்கிற பிள்ளை, ஒவ்வொருத்தியும் ஒரு ரேடியோ நிலையத்தை மடியில் கட்டிக்கொண்டு வருகிறாள்! ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில் சங்குசக்கரத்தை எடுத்து முதுகைக் கழற்றி உள்ளே பார்த்தார். வயர் இல்லை. மூடி அதே ஆணியில் மாட்டிவிட்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

பெத்தணன் விடுவாரா? பாக்டரியில் ரிட்டயராகி வேலைவெட்டி இல்லாமல் இருந்த மனிதர். ஒருநாள் காலையில் கம்பெனி கேட்டுக்கு எதிரே முப்பது ஆடுகளோடு இருளாண்டியைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டார். இருளாண்டி தோளில் துரட்டி, காதில் செல்போன்.

"யார்ட்டலே பேசுறே?" என்றார் சங்கையா, தெரிந்தும் தெரியாத மாதிரி.

"எம் மகன்ட்ட. கிடா ஒண்ணு கிழக்க ஓடிருச்சாம்."

"ஆடு மேய்க்கிறவன், நடந்துக்கிட்டே பேசுறான். சத்தியத்துல ஒரு எழுத்து குறையலை. ஒரு பக்கத்த எடு மாப்ளே" என்று பெத்தணன் கையை நீட்டினார்.

சங்கையா அசரவில்லை. "ஏலே இருளாண்டி, வீட்டுக்குப் போய் இத என்ன செய்வே?"

"சார்ஜு போடுவேன்."

"எதுல?"

"வயர்லதான்."

"முடிஞ்சுபோச்சு! வயர் இல்லேன்னா இது ஒரு நா தாங்குமா? வயர்லதான சாப்பாடு தின்னுது!"

"அட அநியாயமே! தாய்ப்பால் குடிச்சவன் காலம்பூரா ஆத்தா மடியிலயாலே கிடக்கான்?"

"குடிக்காம வளந்தானா? அதச் சொல்லு."

இந்த வழக்கு முடிவதற்குள் முப்பது ஆடுகளும் கம்பெனி வேலியோரத்து முருங்கையை மொட்டையடித்துவிட்டன. தீர்ப்பு சொல்ல ஆளில்லை. ஆனாலும் சத்தியம் பண்ணினது மாரியாத்தா மேலல்லவா? அந்த வாரம் முழுக்கச் சங்கையா கோவில் பக்கம் போகும்போதெல்லாம், "ஆத்தா, சார்ஜருக்கு வயர் இருக்கு. நீயே உங்கண்ணால பாத்தே" என்று ஞாபகப்படுத்திவிட்டு வந்தார்.

இதுவரைக்கும் எல்லாம் விளையாட்டுத்தான். ஆவணி மாசம் மகனிடமிருந்து போன் வந்தபிறகுதான் விளையாட்டு வினையானது.

மகன் முனியராஜ் சவுதியில் கட்டட வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகப் போகிறது. போகும்போது அவன் பெண்டாட்டி பானுப்பிரியாவுக்கு ஐந்து மாசம். பிறந்த பெண்பிள்ளை ஓவியாவுக்கு இப்போது இரண்டரை வயசு. தகப்பன் பிள்ளையைப் பார்த்ததில்லை, பிள்ளை தகப்பனைப் பார்த்ததில்லை. அப்பா எங்கே என்று கேட்டால் செல்போனைக் காட்டுவாள். சுவரில் இருக்கிற கல்யாணப் படத்தையும் காட்டுவாள். அதில் முனியராஜ் மீசை இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற மாதிரி ஒல்லியாக நிற்பான். மற்றபடி அவளுக்கு எல்லாம் தாத்தாதான். தாத்தா மீசையின் ஒரு முனையைக் கையில் பிடித்தால்தான் சோற்றுக்கு வாய் திறப்பாள்.

"யப்பா, வார வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. ரூம்ல ஒருத்தன் கம்ப்யூட்டர் வச்சிருக்கான். சிவகாசியில ரியாஸ் கடையில நம்ம மாமா எல்லாத்தையும் சொல்லி வச்சிட்டாகளாம். ஓவியாவத் தூக்கிட்டு எல்லாரும் வாங்க. மூஞ்சியப் பாத்துக்கிட்டே பேசலாம்" என்றான் முனியராஜ்.

மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே பேசலாம். இந்த வார்த்தை எந்த வாயிலிருந்து கிளம்பி சவுதி போய்த் திரும்பி வருகிறது என்பது சங்கையாவுக்குத் தெரியாதா? நிமிர்ந்து பார்த்தார். வாசலில் பெத்தணன் பல் முப்பத்திரண்டும் தெரிய நின்றுகொண்டிருந்தார்.

போனால் மகனைப் பார்க்கலாம். பார்த்தால் பந்தயம் தோற்றது, மீசை போனது. மீசை போனால் வேலை போனது, லேபிள் போனது, முதலாளி முகத்தில் முழிக்க முடியாது. சங்கையா அன்றைக்கு ராகிக் கூழைக்கூட மென்று குடித்தார். கடைசியில், "சீசன் நேரம். லீவு கிடைக்காது. நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

வள்ளித்தாய் அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமலே கேட்டாள். "பெத்த பிள்ளையப் பாக்கப் போறதுக்கு மசுரா குறுக்க நிக்கிது?"

அதற்குக்கூடப் பதில் சொல்லியிருப்பார். பானுப்பிரியா செய்த காரியம்தான் வம்பாகிவிட்டது. திங்கட்கிழமை ஓவியாவின் மஞ்சள் கவுனைத் துவைத்துக் கொடியில் போட்டாள். செவ்வாய்க்கிழமை யாரும் போட்டுக்கொள்ளாத அதே கவுனை மறுபடியும் துவைத்தாள். வியாழக்கிழமை மூன்றாம் தடவையும் துவைத்துவிட்டு, உதறிக்கொண்டே கேட்டாள்.

"மாமா, இந்த மஞ்ச, அந்தப் பொட்டியில அவுகளுக்கு நல்லாத் தெரியுமா?"

சங்கையா கவுனைப் பார்த்தார். அவருக்கு மட்டும் ஆசை இல்லையா? மகன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கம்பெனி கேட்டில் உட்கார்ந்தபடி எத்தனை மத்தியானம் ஏங்கியிருப்பார். "நல்லாத் தெரியும்த்தா" என்றார். முதலாளியிடம் போய் வயிற்று வலி என்று பொய் சொல்லி அரை நாள் லீவு வாங்கினார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து ரியாஸ் கடையைத் திறந்தபோது ஐந்து பேரும் வாசலில் நின்றார்கள். ரியாஸ், செய்யது அபுதாஹிர் பாயின் மகன். வாப்பா டிரான்சிஸ்டர் ரேடியோ விற்ற அதே கடையில் மகன் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். தட்டி வைத்து அடைத்த சின்னச் சின்ன அறைகள். கடைசி அறையில் கம்ப்யூட்டர், அதன் தலையில் கோலிக்குண்டுக் கண்ணோடு ஒரு கேமரா.

எல்லாரும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். சங்கையா மேஜைக்கு அடியில் குனிந்தார். குனிந்தவர் அப்படியே உள்ளே போய்விட்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"ரியாஸு, இது என்னது?"

"மைக் வயரு மாமா."

"இது?"

"கேமரா வயரு."

"இந்தத் தடியா இருக்கதுப்பா?"

"அது நெட் வயரு. அது வழியாத்தான் எல்லாம் வருது."

"எங்க போகுது?"

"வெளிய, போஸ்ட் மரத்துக்கு."

சங்கையா தவழ்ந்து வெளியே வந்தார். தலையில் நூலாம்படை. வயரைக் கையால் தடவிக்கொண்டே சுவரோரமாக நடந்து, தெருவுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். கம்பத்துக்கும் கடைக்கும் நடுவில் அது போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. அவர் கை தானாகக் கீழே ஒரு கல்லைத் தேடியது. தேடிய கையை இழுத்துக்கொண்டு சிரித்துவிட்டு உள்ளே வந்தார்.

"வயர்! அங்கன இருந்து இங்கன வரைக்கும் வயர்! தோத்தே மச்சான்!"

"கேமராவுல இருந்து கம்பம் வரைக்கும் வயரு. சரி. கடல்ல? கடல்ல எவன்லே வயர் போட்டான்?" என்று பெத்தணன் குதித்தார்.

ரியாஸ் தலையைச் சொறிந்தான். "கடலுக்கு அடியிலயும் வயருதான் போட்டிருக்காக மாமா. கப்பல்ல கொண்டுபோய் இறக்கி, ஊரூருக்கு இழுத்திருக்காக."

அபுதாஹிர் பாய் மகன் பொய் சொல்ல மாட்டான். பெத்தணனுக்குக் காற்றுப் போய்விட்டது. முப்பத்தைந்து வருஷமாக வளர்த்த கிடாயைக் கண் முன்னால் களவு கொடுத்த மாதிரி சுவரில் சாய்ந்தார். ஜெயித்த சங்கையாவோ அப்படியே நின்றுவிட்டார். கடலுக்கு அடியில் வயரா! ஒரு வேப்பமரத்துக்கும் கூரைக்கும் நடுவே கட்டின வயரைப் பார்த்துக்கொள்வதற்கே அந்தப் பாடு பட்டாரே, கடல் நெடுகக் கட்டியிருக்கிறார்களா?

"அப்ப, மீனு உக்காந்தா என்னப்பா செய்வாக?" என்றார் உண்மையான கவலையோடு.

ரியாஸ் பதில் சொல்வதற்குள் கம்ப்யூட்டர் மணியடித்தது. திரையில் முதலில் கட்டம் கட்டமாக என்னவோ தெரிந்தது. கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டின. ஒரு சட்டை, ஒரு கழுத்து, பிறகு முனியராஜ்.

"யப்பா! யம்மா!"

வள்ளித்தாய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சங்கையாவுக்குப் பந்தயம், வயர், மீன் எல்லாம் மறந்துபோனது. எம்புட்டுத் தூரம்! விமானம் ஏறிப் போன பிள்ளை, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் கண் சிமிட்டுகிறான். இவர் தலையை ஆட்டினால் அவனும் சிரிக்கிறான். சாமியே நேரில் வந்தாலும் இப்படிப் பதில் பேசுமா என்று தெரியவில்லை.

பிறகுதான் கவனித்தார். ஒல்லிப் பயலின் மூக்குக்குக் கீழே முறுக்கி விட்ட பெரிய மீசை. இவருடையதேதான், கறுப்பில்.

"என்னலே இது?"

"உங்க நெனப்பாவே இருந்துச்சுப்பா. அதான் நானும் வச்சுக்கிட்டேன்" என்று முனியராஜ் வெட்கப்பட்டான். "பிள்ளைய எங்க? முன்னாடி கொண்டு வாங்க."

சங்கையா ஓவியாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். மஞ்சள் கவுன் திரையின் ஓரத்தில் நன்றாகத்தான் தெரிந்தது. அங்கே முனியராஜ் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டேயிருந்தான். ஓவியாவும் அவனைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. எட்டித் திரையில் அந்த மீசையைத் தொட்டாள்.

"தாத்தா!"

எல்லாரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது முனியராஜ்தான்.

"அப்பா சொல்லுத்தா."

"தாத்தா."

"அப்பாடா கண்ணு. அப்பா."

ஓவியா தன்னை மடியில் வைத்திருந்த மீசையைத் திரும்பிப் பார்த்தாள். திரையில் இருந்த மீசையைப் பார்த்தாள். இரண்டு தாத்தா! சந்தோஷம் தாங்காமல் கையைத் தட்டினாள். வீட்டுச் சுவரில் இருக்கிற கல்யாணப் படத்தையெல்லாம் பானுப்பிரியா ஞாபகப்படுத்திப் பார்த்தாள், நடக்கவில்லை. முனியராஜின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. என்னவோ கீழே விழுந்த மாதிரி குனிந்தான். அதை எடுத்துவிட்டு நிமிர அவனுக்கு வெகுநேரம் ஆனது.

கடையை விட்டு வெளியே வந்ததும் பெத்தணன் வேண்டாவெறுப்பாகச் சொன்னார். "சரி மாப்ளே, நீ ஜெயிச்சே. ஊர்ல நானே சொல்லிருதேன். போதுமா?"

சங்கையா காதில் அது விழவில்லை. நேரே தெருவைக் கடந்து எதிரே இருந்த சலூனுக்குள் போய் உட்கார்ந்தார். கடைக்காரர் அந்த மீசையைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார்.

"எடுங்க" என்றார் சங்கையா.

"ஐயையோ, யாரு தவறிட்டாக அண்ணாச்சி?"

"ஒருத்தரும் சாகலை. எடுங்க."

பின்னாலேயே ஓடிவந்த பெத்தணன் வாசலில் நின்று கேட்டார். "ஒ… ஒரு பக்கமா?"

"ரெண்டு பக்கமும்."

சவரக்கத்தி திறந்ததும் பெத்தணன் பாய்ந்து கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏ மாப்ளே, வேணாம்யா! நாந்தான் தோத்துட்டேன்னு சொல்லுதேன்ல! வயர் இருக்குய்யா! கடலுக்குள்ளகூட இருக்குய்யா! வேலை போயிரும்லே, எந் தங்கச்சி கஞ்சிக்கு என்ன செய்வா?"

"உம் பந்தயத்துக்கு இல்ல மச்சான்." சங்கையா கண்ணாடியையே பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒரு வீட்ல ரெண்டு பேருக்கு ஒரே மீசை இருந்தா, பச்சப்பிள்ளை யாரப் பாத்து அப்பான்னு கூப்பிடும்? அவன் தூரத்துல கிடக்கான். அது அவன்ட்டயே இருக்கட்டும்."

பெத்தணன் கையை விட்டார். முப்பத்தைந்து வருஷமாகக் கேட்டது கீழே விழுந்தபோது அதைப் பார்க்கப் பிடிக்காமல் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊருக்குப் போகிற பஸ்ஸில் மூன்று பேர் எழுந்து துக்கம் கேட்டார்கள். ஒரு கிழவி, "போனவுக போய்ட்டாக, மனசத் தேத்திக்கிடுங்க" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவருக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்த வள்ளித்தாய் கதவைத் திறந்து, மேலும் கீழும் பார்த்து, "யாரு வேணும்? வீட்டுக்காரரு வெளிய போயிருக்காரு" என்றாள். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய் அவருக்குப் பிடித்த கருவாட்டைப் பொரித்தாள். எல்லாவற்றையும் சகித்துக்கொண்டார். ஓவியா மட்டும் அவரைக் கண்டாலே வீறிட்டு அலறி அம்மா முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். பிடிக்க முனை இல்லாததால் அவர் ஊட்டிய சோற்றையும் வாங்கவில்லை. அது அவருக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது.

மறுநாள் கேட்டில் அய்யம்மாள் சங்குசக்கரத்தைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். "பழைய வாட்ச்மேன் வரட்டும். நீங்க யாரு எவரோ" என்றாள். அந்த நேரத்தில்தான் முதலாளியின் கார் வந்து நின்றது.

"ஏய், யாருய்யா நீ? சங்கையா எங்க?"

"நாந்தான் மொதலாளி."

சங்கரலிங்கம் கார் கதவைப் பிடித்துக்கொண்டார். "என் லேபிளு!" என்று ஒரு சத்தம். அதற்குப்பிறகு வந்த வார்த்தைகள் இங்கே வேண்டாம். ஓய்ந்தபிறகு, "ஏன்யா எடுத்தீரு?" என்று கேட்டார். சங்கையா மறைக்கவில்லை. பஞ்சாயத்து ரேடியோவில் தொடங்கி, வயிற்று வலி பொய்யையும் ஒப்புக்கொண்டு, பேத்தி தாத்தா என்று கூப்பிட்டதுவரை சொல்லிவிட்டு, சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார். முதலாளி அதை வாங்கவில்லை. வானத்தைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். காரில் ஏறிப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் பிரஸ்ஸிலிருந்து ஒரு வண்டி வந்தது. ஆறடி உயரத்துக்கு ஒரு படம், மீசைக்காரர் மார்க் லேபிளில் இருக்கிற அதே முகம். அதைக் கேட்டில் ஆணியடித்து மாட்டச் சொல்லிவிட்டு முதலாளி சங்கையாவைக் கூப்பிட்டார்.

"நான் வேலைக்கு வச்சிருக்கது மீசைய. அது அந்தா வேலைக்கு வந்துருச்சு. நீரு எப்பவும் போலத் துணைக்கு நில்லும்."

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் ரியாஸ் கடை. மீசை எடுத்ததை முனியராஜிடம் யாரும் சொல்லக்கூடாது என்று சங்கையா வாயைக் கட்டியிருந்தார். ஓவியா அம்மா மடியில் உட்கார்ந்து, தாத்தா படம் போட்ட காலி மத்தாப்புப் பெட்டி ஒன்றைக் கட்டிப் பிடித்திருந்தாள். ஒரு வாரமாக அதைக் கீழே வைக்கவில்லை. சங்கையா பக்கத்து நாற்காலியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மீசை போனது வீணாகிவிடுமோ என்று ஒரே கவலை.

கட்டம் கட்டமாக முனியராஜ் வந்தான். ஓவியா அவனைப் பார்த்தாள். குனிந்து பெட்டியில் இருந்த வெள்ளை மீசையைப் பார்த்தாள். "தாத்தா" என்று அதைத் தட்டிக் கொடுத்தாள். திரும்பவும் திரையைப் பார்த்தாள், கறுப்பு மீசை. அம்மாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டாள்.

"அப்பா?"

முனியராஜ் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். திரையில் அவன் வயிறு மட்டும் தெரிந்தது. "இன்னொருக்கா சொல்லுத்தா!"

"அப்பா. அப்பா. அப்பா."

பானுப்பிரியா அழுதாள், வள்ளித்தாய் அழுதாள், பெத்தணன் தும்முகிற மாதிரி நடித்தார். சங்கையா சிரித்தாரா அழுதாரா என்பது அவருக்கே தெரியவில்லை. முனியராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் கண்ணைச் சுருக்கினான்.

"யப்பா எங்க? வரலையா? பக்கத்துல யாரு, புது ஆளு?"

ஓவியா திரும்பிச் சங்கையாவை மேலிருந்து கீழாக நிதானமாகச் சோதித்தாள். பிறகு அப்பாவிடம் தீர்மானமாகச் சொன்னாள்.

"தாத்தா இல்ல."

பெத்தணன் வெடித்துச் சிரித்ததில் தட்டி ஆடியது. சங்கையாவின் கை முறுக்குவதற்கு மீசையைத் தேடிப் போய், வெறும் கன்னத்தைத் தடவிவிட்டுத் திரும்பியது. அவர் மைக்குக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"உங்கப்பன் வேலைக்குப் போயிருக்காருலே. கேட்டுல நிக்காரு. நான் இங்கன துணைக்கு வந்திருக்கேன்."